நடுநிலைமைக்கு அத்தாட்சி வழங்குவது யார்? மொஸ்கோவின் பார்வையில் பின்லாந்து

2022 மே 14ஆம் திகதி பின்லாந்தின் ஜனாதிபதி சௌலி நினிஸ்டோ ரஷ்ய ஜனாதிபதி விளாடிமிர் புட்டினுடன் தொலைபேசியில் பேசினார். நேட்டோவில் உறுப்புரிமை கோரி அடுத்த சில நாட்களில் தனது நாடு விண்ணப்பிக்கப்போவதை நேரடியாகத் தெரிவிப்பதே அந்த அழைப்பின் நோக்கம். பின்லாந்தின் பாதுகாப்புக்கு எந்த அச்சுறுத்தலும் இல்லாத நிலையில், இராணுவ நடுநிலைமை என்ற பாரம்பரியக் கொள்கையைக் கைவிடுவது தவறாக அமையும் என்று புட்டின் கூறியதாக கிரெம்ளின் பின்னர் அறிவித்தது. இலங்கையில் பிரதமர் ஒருவர் பதவி விலகி இன்னொருவர் பதவியேற்று இரண்டு நாட்களே கடந்திருந்த கொந்தளிப்பான வாரம் அது. உலகின் வடகோடியில் இருந்து வந்த அந்தச் செய்தியை இங்கு ஊன்றிக் கவனித்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

அந்த அறிக்கையில் என்னைச் சிந்திக்க வைத்தது 'பாரம்பரியக் கொள்கை' என்ற சொற்பிரயோகமே. ஏனென்றால், அதே மொஸ்கோ 1960களின் இறுதியிலிருந்து 1989 வரை ஏறத்தாழ இருபது வருடங்கள் பின்லாந்தை 'நடுநிலை நாடு' என்று தெளிவாக அழைப்பதற்குத் தயங்கியது, தவிர்த்தது, சில சந்தர்ப்பங்களில் மறுத்தது. அந்தச் சொல்லை ஒரு கூட்டறிக்கையில் இடம்பெறச் செய்வதற்காக பின்லாந்தின் தலைவர்கள் மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பின்லாந்து அந்த நிலைப்பாட்டை விட்டு வெளியேறத் தீர்மானித்த வேளையில்தான் அது ஒரு மதிப்புக்குரிய பாரம்பரியமாக மொஸ்கோவுக்குத் தோன்றியது. ஒரு சிறிய நாட்டின் நடுநிலைமையை வல்லரசு ஒன்று எவ்வாறு நோக்குகிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு இந்த வரலாற்றைவிடச் சிறந்த உதாரணம் ஐரோப்பாவில் இல்லை என்பது எனது அபிப்பிராயம்.

லெனின்கிராட்டில் இருந்து 32 கிலோமீற்றர்

1809ஆம் ஆண்டு தொடக்கம் ரஷ்யப் பேரரசின் கீழ் தன்னாட்சி கொண்ட பிரதேசமாக இருந்த பின்லாந்து 1917 டிசெம்பர் 6ஆம் திகதி சுதந்திரப் பிரகடனம் செய்தது. அந்த மாத இறுதியிலேயே லெனினின் அரசாங்கம் அந்தச் சுதந்திரத்தை அங்கீகரித்தது. 1932ஆம் ஆண்டில் இரு நாடுகளும் ஆக்கிரமிப்பின்மை உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. 1930களின் நடுப்பகுதியில் இருந்து பின்லாந்து ஸ்கண்டிநேவிய நாடுகளைப் பின்பற்றித் தன்னை நடுநிலை நாடாக அடையாளப்படுத்திக்கொண்டது.

1938 ஏப்ரல் மாதம் ஹெல்சிங்கியில் உள்ள சோவியத் தூதரகத்தின் இரண்டாம் செயலாளர் பொரிஸ் யார்ட்செவ், வெளியுறவு அமைச்சர் ருடொல்ப் ஹொல்ஸ்டியை இரகசியமாகச் சந்தித்தார். பதவியில் மிகவும் இளநிலையில் இருந்த ஒருவர் அமைச்சரை நேரடியாகச் சந்திப்பதே வழமைக்கு மாறானது. அவர் கொண்டுவந்த செய்தி சுருக்கமானது. ஜேர்மனி பின்லாந்தின் மண்ணைப் பயன்படுத்தி சோவியத் யூனியனைத் தாக்கக்கூடும். அவ்வாறு நடந்தால் செஞ்சேனை எல்லையில் காத்துக்கொண்டிருக்காது; முன்னேறி வந்து எதிரியைச் சந்திக்கும். எந்த வல்லரசும் தமது மண்ணைப் பயன்படுத்துவதற்கு அனுமதிக்கப்போவதில்லை என்பதே பின்லாந்தின் பதிலாக இருந்தது. மொஸ்கோவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

இங்கேதான் முழுப் பிரச்சினையின் வேரும் இருக்கிறது. பின்லாந்து தனது எண்ணத்தைப் பற்றிப் பேசியது. சோவியத் யூனியன் பின்லாந்தின் இயலுமையைப் பற்றிக் கேட்டது. நடுநிலையாக இருக்க விரும்புகிறீர்கள் என்பதை ஏற்றுக்கொண்டாலும், ஜேர்மனி வந்து இறங்கினால் உங்களால் அதைத் தடுக்க முடியுமா என்பதே ஸ்டாலினின் கேள்வி. வல்லரசின் பார்வையில் அயலில் உள்ள சிறிய நாட்டின் நடுநிலைமை ஒரு சட்ட நிலைப்பாடு என்பதை விட, தனது பகைவன் நுழையக்கூடிய கதவு பூட்டப்பட்டிருக்கிறதா, பூட்டு பலமானதா என்ற கேள்வியாகவே இருக்கிறது.

1939 ஓகஸ்ட் 23ஆம் திகதி கைச்சாத்தான மொலட்டோவ் - ரிபன்ட்ரொப் உடன்படிக்கையின் இரகசிய ஒப்பந்தம் பின்லாந்தை சோவியத் செல்வாக்கு வலயத்திற்குள் ஒதுக்கியது. ஒக்டோபரில் யூஹோ குஸ்தி பாசிகிவி தலைமையிலான தூதுக்குழு மொஸ்கோவுக்கு அழைக்கப்பட்டது. அன்றைய எல்லை லெனின்கிராட் நகரத்தில் இருந்து சுமார் 32 கிலோமீற்றர் தூரத்திலேயே இருந்தது. நகரத்தை நகர்த்த முடியாது என்பதால் எல்லையைத்தான் நகர்த்த வேண்டும் என்பது ஸ்டாலினின் வாதம். கரேலிய பூசந்தியில் ஒரு பகுதி, பின்லாந்து வளைகுடாவில் உள்ள தீவுகள், ஹங்கோ குடாநாட்டை 30 வருடக் குத்தகைக்குத் தருதல் ஆகியவை கோரப்பட்டன. பதிலாக, கிழக்குக் கரேலியாவில் ஏறத்தாழ இரு மடங்கு பரப்பளவுள்ள நிலம் தரப்படும் என்று கூறப்பட்டது. பரப்பளவில் அது இலாபமான பேரமாகத் தோன்றலாம். ஆனால், கேட்கப்பட்டது நாட்டின் பாதுகாப்பு அரண்கள் அமைந்திருந்த நிலம். தருவதாகச் சொல்லப்பட்டதோ காடு.

பேச்சுவார்த்தை முறிந்தது. நவம்பர் 26ஆம் திகதி எல்லைக் கிராமமான மைனிலாவில் சோவியத் தரப்பே நடத்திய பீரங்கிச் சூடு பின்லாந்தின் மீது சுமத்தப்பட்டது. நவம்பர் 30ஆம் திகதி செஞ்சேனை எல்லையைக் கடந்தது. அடுத்த நாளே எல்லைப்புற நகரமான தெரியோக்கியில் ஒட்டோ குசினன் தலைமையில் ஒரு பொம்மை அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. பின்லாந்து மீது தாம் போர் தொடுக்கவில்லை, பின்லாந்து மக்களின் அரசாங்கத்துக்கு உதவுகிறோம் என்பதே மொஸ்கோவின் விளக்கம். சர்வதேச சங்கம் டிசெம்பர் 14ஆம் திகதி சோவியத் யூனியனை வெளியேற்றியது. அதற்கு மேல் நடுநிலை நாடு ஒன்றுக்கு உலகம் செய்தது அதிகமில்லை.

105 நாட்கள் நடந்த குளிர்காலப் போரின் முடிவில் பின்லாந்து தனது நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கை இழந்தது. விபோரி நகரமும் அதில் அடக்கம். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய மக்கள் தமது வீடு வாசல்களை விட்டு மேற்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். மொத்த சனத்தொகையே 37 இலட்சம் அளவில் இருந்த நாடு அது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை ஒரே மாதத்தில் விட்டுப் போவது என்றால் என்ன என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து நடந்தது கசப்பானது. 1941 ஜூனில் ஜேர்மனி சோவியத் யூனியன் மீது படையெடுத்தபோது பின்லாந்து ஜேர்மனியின் பக்கத்தில் நின்று போரிட்டது. இழந்த மண்ணை மீட்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டாலும், அதன் துருப்புகள் பழைய எல்லையையும் கடந்து கிழக்குக் கரேலியாவுக்குள் சென்றன. பின்லாந்தின் வழியாக ஜேர்மனி வரும் என்று 1938இல் சொன்னோமே, நடந்துவிட்டதல்லவா என்று மொஸ்கோ கேட்டது. 1939இல் நீங்கள் தாக்கியிராவிட்டால் 1941 வந்திருக்குமா என்று ஹெல்சிங்கி கேட்டது. இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. தான் அஞ்சிய பகைமையைத் தனது செயலாலேயே உருவாக்கிக்கொண்ட வல்லரசின் கதை இது. இதே கதை இன்னொரு தடவையும் நடக்கவிருந்தது.

உடன்படிக்கையில் இல்லாத சொல்

1944 செப்டெம்பரில் போர்நிறுத்தம் கைச்சாத்தானது. பின்லாந்து பெட்சாமோ பிரதேசத்தை இழந்தது. 30 கோடி டொலர் பெறுமதியான பொருட்களைப் போர் நட்டஈடாகச் செலுத்த ஒப்புக்கொண்டது. 1952இல் அதை முழுமையாகச் செலுத்தியும் முடித்தது. தலைநகரத்துக்கு மிக அண்மையில் உள்ள போர்க்கலா குடாநாடு 50 வருடக் குத்தகைக்கு சோவியத் கடற்படைத் தளமாகக் கையளிக்கப்பட்டது. 1947இன் பாரிஸ் சமாதான உடன்படிக்கை பின்லாந்தின் தரைப்படையை 34,400 பேருக்கும், விமானங்களை 60க்கும் மட்டுப்படுத்தியது.

ஆனாலும், பின்லாந்து ஆக்கிரமிக்கப்படவில்லை. 1948 பெப்ரவரியில், செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஸ்டாலினிடம் இருந்து ஜனாதிபதி பாசிகிவிக்குக் கடிதம் ஒன்று வந்தது. ஹங்கேரியுடனும் ருமேனியாவுடனும் செய்துகொண்டதைப் போன்ற பரஸ்பர உதவி உடன்படிக்கை ஒன்றுக்கு அது அழைப்பு விடுத்தது. பாசிகிவி அவசரப்படவில்லை. ரஷ்யாவின் அக்கறை முக்கியமாக இராணுவப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, பின்லாந்தின் வாழ்க்கை முறையை மாற்றுவது அல்ல, ஆகவே அந்த அக்கறைக்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவரது நீண்டகால நம்பிக்கை. ஏப்ரல் 6ஆம் திகதி கைச்சாத்தான நட்புறவு, ஒத்துழைப்பு, பரஸ்பர உதவி உடன்படிக்கை பெரும்பாலும் பின்லாந்து தரப்பு முன்வைத்த வரைவை அடிப்படையாகக் கொண்டிருந்தது.

ஜேர்மனியோ அதன் நேச நாடோ பின்லாந்தை, அல்லது பின்லாந்தின் வழியாக சோவியத் யூனியனைத் தாக்கினால், பின்லாந்து தனது எல்லைக்குள் நின்று போரிடும். தேவைப்பட்டால் சோவியத் உதவியுடன் போரிடும். அத்தகைய அச்சுறுத்தல் தோன்றும்போது இரு நாடுகளும் கலந்தாலோசிக்கும். இவைதான் முதல் இரண்டு உறுப்புரைகளின் சாரம். வல்லரசுகளின் நலன்களுக்கிடையிலான மோதல்களுக்கு வெளியே நிற்க பின்லாந்து கொண்டுள்ள விருப்பம் முன்னுரையில் குறிப்பிடப்பட்டது. 'நடுநிலைமை' என்ற சொல் உடன்படிக்கையின் எந்த இடத்திலும் இல்லை.

முன்னுரையை பின்லாந்து தனது நடுநிலைமைக்கான ஆதாரமாக வாசித்தது. முதல் இரண்டு உறுப்புரைகளை சோவியத் இராணுவத் தலைமை ஒரு பாதுகாப்புக் கூட்டின் தொடக்கமாக வாசித்தது. நாற்பது வருடங்களுக்கும் மேலாக இரு நாடுகளுக்கும் இடையில் நடந்தது இந்த இரண்டு வாசிப்புகளின் போட்டியே.

கொடுத்ததும் எடுத்ததும்

ஸ்டாலினுக்குப் பின்னர் காற்று சற்று மாறியது. 1955ஆம் ஆண்டு மே மாதம் ஒஸ்திரியாவில் இருந்து நான்கு வல்லரசுகளும் வெளியேறுவதற்கான உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஒக்டோபரில் அந்த நாடு நிரந்தர நடுநிலைமையைச் சட்டமாக்கியது. போர்க்கலா தளம் குத்தகை முடிவதற்கு நீண்ட காலம் இருக்கையிலேயே 1956 ஜனவரியில் பின்லாந்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 20ஆவது காங்கிரஸில் சமர்ப்பித்த அறிக்கையில் குருஷேவ் ஐரோப்பாவின் நடுநிலை நாடுகளில் ஒன்றாக பின்லாந்தையும் குறிப்பிட்டார்.

இதற்குக் காரணம் இருந்தது. அன்று நடுநிலைமை மொஸ்கோவுக்கு இலாபமான சரக்காக இருந்தது. நேட்டோவில் உள்ள நோர்வேக்கும் டென்மார்க்கிற்கும், மேற்கு ஜேர்மனிக்கும் காட்டக்கூடிய ஒரு மாதிரியாக அது பயன்பட்டது. எங்களுடன் நல்லுறவைப் பேணினால் தளங்களைக்கூடத் திருப்பித் தருகிறோம் என்பதே அதன் செய்தி. மறுபுறத்தில், அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோன் பொஸ்டர் டலஸ் 1956 ஜூனில் நடுநிலைமை என்பது காலாவதியாகிப்போன ஒரு எண்ணம் என்றும், மிகவும் விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர்ந்த வேளைகளில் ஒழுக்கக்கேடானது என்றும் பேசியிருந்தார். ஒரு வல்லரசு அதே வருடத்தில் போற்றியதை மற்ற வல்லரசு பழித்தது. இரண்டுமே தத்தமது கணக்கின்படிதான் பேசின.

இந்தக் கணக்கு இலங்கைக்கும் அந்நியமானதல்ல. பிரிட்டிஷ் தளங்கள் இருப்பதைக் காட்டி இலங்கையின் சுதந்திரத்தையே சந்தேகித்த சோவியத் யூனியன், ஐக்கிய நாடுகள் சபையில் எமது உறுப்புரிமையை வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்துவந்தது. 1949 செப்டெம்பரில் அவ்வாறு தடுக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் இலங்கையுடன் பின்லாந்தும் நின்றது. வல்லரசுகள் தமக்குள் ஒரு பேரத்துக்கு வந்ததும் 1955 டிசெம்பர் 14ஆம் திகதி ஒரே நாளில் 16 நாடுகள் அனுமதிக்கப்பட்டன. அவற்றில் இலங்கையும் பின்லாந்தும் ஒஸ்திரியாவும் அடக்கம்.

மொஸ்கோ கொடுத்த அத்தாட்சியின் பெறுமதி விரைவிலேயே சோதனைக்கு உள்ளானது. 1958 ஓகஸ்டில் சமூக ஜனநாயகவாதியான கார்ல் ஓகஸ்ட் பாகர்ஹொல்ம் தலைமையில் அமைந்த அரசாங்கம் குருஷேவுக்குப் பிடிக்கவில்லை. சோவியத் தூதுவர் விடைபெறாமலே நாடு திரும்பினார். அவரது இடத்துக்கு எவரும் அனுப்பப்படவில்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தைகள் நிறுத்தப்பட்டன. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. டிசெம்பரில் அரசாங்கம் பதவி விலகியது. பின்லாந்தின் வரலாற்றில் இது 'இரவு உறைபனி' நெருக்கடி என்று அழைக்கப்படுகிறது.

1961 ஒக்டோபர் 30ஆம் திகதி, உலகின் மிகப் பெரிய அணுகுண்டை சோவியத் யூனியன் பரிசோதித்த அதே நாளில், இராணுவ ஆலோசனைகளைத் தொடங்குமாறு கோரும் இராஜதந்திரக் குறிப்பு ஒன்று பின்லாந்துக்குக் கையளிக்கப்பட்டது. 1948 உடன்படிக்கையின் இரண்டாவது உறுப்புரை முதற்தடவையாக எழுந்து நின்றது. ஜனாதிபதி உர்ஹோ கெக்கொனன் அப்போது அமெரிக்க விஜயத்தில் இருந்தார். நவம்பர் 24ஆம் திகதி சைபீரியாவின் நொவொசிபிர்ஸ்க் நகரில் குருஷேவைச் சந்தித்து ஆலோசனைகளை ஒத்திவைக்கச் செய்தார். அதே நாளில் ஜனாதிபதித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற பொது வேட்பாளர் ஒலாவி ஹொங்கா போட்டியில் இருந்து விலகினார். பேர்லின் நெருக்கடியின் பின்னணியில் மேற்கு ஜேர்மனியை எச்சரிப்பதே குறிப்பின் நோக்கமா அல்லது கெக்கொனனைப் பதவியில் தக்கவைப்பதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை. நோக்கம் எதுவாயினும், நடுநிலை நாடு ஒன்றின் தேர்தல் முடிவு அயல்நாட்டில் எழுதப்பட்ட ஒரு காகிதத்தினால் தீர்மானமாயிற்று.

1968 ஓகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் புகுந்த பின்னர் மொஸ்கோவின் மொழி இறுகியது. தனது பாதுகாப்பு வலயத்தில் எவரும் நழுவிப்போக இடமளிப்பதில்லை என்ற மனோநிலையில், பின்லாந்தின் நடுநிலைமை பற்றிய குறிப்புகளைக் கூட்டறிக்கைகளில் இருந்து அகற்ற அது முயன்றது. 1970இல் உடன்படிக்கையை மேலும் 20 வருடங்களுக்கு நீடித்த வேளையில் அந்தச் சொல்லுக்காக கெக்கொனன் கடுமையாகப் போராட வேண்டியிருந்தது. அதற்குப் பின்னர் வந்த சூத்திரங்கள் பின்லாந்து நடுநிலைமைக் கொள்கையைக் கடைப்பிடிக்க 'முயல்வதாக' மாத்திரமே சொல்லின. முயல்கிறவர் இன்னும் அடையவில்லை என்பதே அதன் பொருள். யூரி கொமிசாரொவ் என்ற புனைபெயரில் எழுதிவந்த சோவியத் அதிகாரி, பின்லாந்தின் வெளியுறவுக் கொள்கையின் அடித்தளம் 1948 உடன்படிக்கையே, நடுநிலைமை அதற்குக் கீழ்ப்பட்டது என்று வாதிட்டார். அந்தப் பேனையின் சொந்தக்காரரான யூரி தெரியாபின் பிற்காலத்தில் ஹெல்சிங்கியில் ரஷ்யத் தூதுவராகப் பணியாற்றினார்.

வேறு அடையாளங்களும் இருந்தன. 1971இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்ட பின்லாந்தின் மக்ஸ் யக்கொப்சனை சோவியத் யூனியன் வீட்டோ மூலம் தடுத்தது. 1978இல் பாதுகாப்பு அமைச்சர் டிமித்ரி உஸ்தினொவ் கூட்டு இராணுவப் பயிற்சிகளை நடத்தலாம் என்ற யோசனையை ஹெல்சிங்கியில் முன்வைத்தார். பின்லாந்து அதை நாசூக்காகத் தட்டிக்கழித்தது. அந்தப் பயிற்சி நடந்திருந்தால், முன்னுரை அன்றோடு செத்திருக்கும்.

முரண்நகை என்னவென்றால், இதே காலப்பகுதியில்தான், 1975 ஓகஸ்ட் முதலாம் திகதி, ஹெல்சிங்கியின் பின்லாந்தியா மண்டபத்தில் 35 நாடுகளின் தலைவர்கள் கூடி ஐரோப்பியப் பாதுகாப்பு மகாநாட்டின் இறுதிச் சாசனத்தில் ஒப்பமிட்டனர். கூட்டணிகளில் சேரவோ சேராதிருக்கவோ நாடுகளுக்கு உரிமை உண்டு, நடுநிலைமைக்கும் உரிமை உண்டு என்று அதன் முதலாவது கோட்பாடு கூறுகிறது. பிரெஷ்நேவ் அதில் கையெழுத்திட்டார். எல்லா நாடுகளுக்கும் பொதுவான உரிமையாக எழுதிக்கொடுக்க முடிந்ததை, விருந்தளித்த நாட்டுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க அவரது அரசாங்கத்தால் முடியவில்லை.

உள்ளே செலுத்தப்பட்ட விலை

வல்லரசு ஒன்றின் சந்தேகத்தைத் தணிப்பதற்கு சிறிய நாடு செலுத்தும் விலையின் பெரும்பகுதி வெளியுறவு அமைச்சின் கணக்கில் காணப்படுவதில்லை; பத்திரிகைகளிலும் புத்தகக் கடைகளிலும் அரசியல்வாதிகளின் வீட்டு வரவேற்பறைகளிலும்தான் அதைக் காணலாம். சோல்ஷெனிட்சினின் 'குலாக் தீவுக்கூட்டம்' நூலின் பின்னிஷ் மொழிபெயர்ப்பை 1974இல் வெளியிடத் தாய்நாட்டில் பதிப்பகம் முன்வராததால் அது சுவீடனில் வெளியிடப்பட்டது. முக்கிய அரசியல்வாதிகள் ஒவ்வொருவரும் சோவியத் தூதரகத்தில் தமக்கென ஒரு தொடர்பாளரை வைத்திருந்தனர். 'வீட்டு ரஷ்யர்' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. 1973இல் தேர்தல் நடத்தாமலே விசேட சட்டத்தின் மூலம் கெக்கொனனின் பதவிக்காலம் நான்கு வருடங்களால் நீடிக்கப்பட்டது. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்துடன் வர்த்தக உடன்படிக்கை செய்யும்போது மொஸ்கோவின் நம்பிக்கையைப் பேணுவதற்கு அவர் அவசியம் என்று கருதப்பட்டது. மேற்கு ஜேர்மன் அரசியலில் இதற்கு 'பின்லாந்துமயமாக்கல்' என்று ஒரு ஏளனப் பெயர் சூட்டப்பட்டது.

இலங்கையில் உத்தியோகபூர்வ தணிக்கையின் கீழ் பத்திரிகைப் பணி செய்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இந்தப் பகுதியை நான் விசேட அக்கறையுடன் வாசித்ததுண்டு. தணிக்கை அதிகாரி வெட்டிய செய்தியில் வெட்டிய இடம் தெரியும். வாசகனும் அதைப் புரிந்துகொள்வான். தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் பத்திரிகையில் வெட்டிய இடம் தெரிவதில்லை. காலம் செல்லச் செல்ல, அதை எழுதுபவருக்கே தெரியாமல் போய்விடுகிறது. பின்லாந்தின் பத்திரிகையாளர்களும் வரலாற்றாசிரியர்களும் 1990களில் இதைப் பற்றி வெளிப்படையாக விவாதித்தனர். தேவைக்கு அதிகமாகவே பணிந்துபோனோம் என்று சிலரும், நாடு தப்பியது அதனால்தான் என்று சிலரும் வாதிட்டனர்.

அந்த ஏளனப் பெயர் முழு உண்மையையும் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். பின்லாந்தில் பல கட்சித் தேர்தல்கள் நடந்தன. சந்தைப் பொருளாதாரமும் நீதிமன்றங்களின் சுதந்திரமும் நிலைத்தன. கட்டாய இராணுவ சேவை ஒருநாளும் கைவிடப்படவில்லை. வார்சோ கூட்டின் தலைநகரங்களில் இருந்து பார்த்தவர்களுக்கு ஹெல்சிங்கி பொறாமைப்படத்தக்க நகரமாகவே தெரிந்தது.

காலம் கடந்து வந்த சொல்

1989 ஒக்டோபரில், பேர்லின் சுவர் வீழ்வதற்கு இரண்டு வாரங்கள் முன்னதாக, ஹெல்சிங்கிக்கு வந்த கொர்பச்சேவ் பின்லாந்தை ஒரு நடுநிலையான நோர்டிக் நாடாக எந்த அடைமொழியும் சேர்க்காமல் அங்கீகரித்தார். பாசிகிவியும் கெக்கொனனும் அப்போது உயிருடன் இல்லை. அவர்கள் காத்திருந்த சொல் வந்து சேர்ந்தபோது அதற்கான தேவை குறைந்துகொண்டிருந்தது. 1990 செப்டெம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின் இராணுவக் கட்டுப்பாடுகள், அணு ஆயுதத் தடை தவிர்ந்தவை, காலாவதியாகிவிட்டதாக பின்லாந்து தன்னிச்சையாக அறிவித்தது. 1992 ஜனவரியில் ரஷ்யாவுடன் சாதாரண அயலுறவு உடன்படிக்கை ஒன்று 1948 உடன்படிக்கையின் இடத்தைப் பிடித்தது. அதே வருடம் 64 அமெரிக்க ஹோர்நெட் விமானங்களை வாங்கத் தீர்மானிக்கப்பட்டது. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இணைந்தது. அதன் பின்னர் அந்த நாடு தன்னை நடுநிலை நாடு என்று அழைப்பதையே கைவிட்டு, இராணுவக் கூட்டணி எதிலும் சேராத நாடு என்று மாத்திரம் கூறிவந்தது. நேட்டோவில் சேரும் வாய்ப்பைக் கைவசம் வைத்திருப்பதாகவும், தேவை ஏற்பட்டால் விண்ணப்பிப்பதாகவும் அதன் அரசாங்கங்கள் சொல்லிவந்தன. ஆனால், மக்களில் பெரும்பான்மையானோர் அதை விரும்பவில்லை.

அந்தப் பெரும்பான்மையை மாற்றியது மொஸ்கோவே. 2021 டிசெம்பரில் ரஷ்யா வெளியிட்ட உடன்படிக்கை வரைவுகள், நேட்டோ இனிமேல் எந்த நாட்டையும் சேர்த்துக்கொள்ளக்கூடாது என்று கோரின. கேட்கப்பட்டவர்கள் வாஷிங்டனும் நேட்டோவும். பறிக்கப்படவிருந்தது ஹெல்சிங்கியின் தெரிவு. தானாக விரும்பிச் சேராதிருப்பது வேறு, சேர அனுமதி இல்லாதிருப்பது வேறு. நினிஸ்டோ 2022 புத்தாண்டு உரையில் அந்தத் தெரிவுச் சுதந்திரத்தை அழுத்திக் கூறினார். எட்டு வாரங்களுக்குள் ரஷ்யப் படைகள் உக்ரெய்னுக்குள் நுழைந்தன. மே மாதத்தில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பில் 76 சதவீதத்தினர் நேட்டோவை ஆதரித்தனர். பாராளுமன்றத்தில் 188 பேர் ஆதரவாகவும் 8 பேர் மாத்திரமே எதிராகவும் வாக்களித்தனர். 2023 ஏப்ரல் 4ஆம் திகதி பின்லாந்து நேட்டோவின் 31ஆவது உறுப்பு நாடாகியது. சுமார் 1,340 கிலோமீற்றர் நீளமான எல்லையைக் கொண்ட அந்த நாட்டின் சேர்க்கையினால் ரஷ்யாவுடனான நேட்டோவின் தரை எல்லை இரு மடங்குக்கும் மேலாக நீண்டது. இனிப் பிரச்சினைகள் தோன்றும் என்று அந்த வருட இறுதியில் எச்சரித்த புட்டின், 2024இல் லெனின்கிராட் இராணுவ மாவட்டத்தை மீண்டும் உருவாக்கினார்.

1939இல் லெனின்கிராட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித் தொடங்கிய கதை மறுபடியும் அந்தப் பெயரிலேயே வந்து நிற்கிறது. பின்லாந்தின் நடுநிலைமையால் ரஷ்யா அடைந்த பயன் அளப்பரியது. நான்கு தசாப்தங்களுக்கும் மேலாக வடமேற்கு எல்லையில் அதற்கு எதிராக ஒரு அந்நியத் தளமும் அமையவில்லை. ஆனால், அதைத் தனக்குக் கிடைத்த பாதுகாப்பாகக் கருதாமல், தான் மற்றவருக்கு அளிக்கும் சலுகையாகவே மொஸ்கோ கருதியது. சலுகை என்றால் கூட்டலாம், குறைக்கலாம், திருப்பி எடுக்கலாம்.

பின்லாந்து ஒருபோதும் அந்த அத்தாட்சியை மாத்திரம் நம்பியிருக்கவில்லை. கூட்டறிக்கையில் ஒரு சொல்லுக்காகப் போராடிய அதே வேளையில் தனது இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தது. போர்க்காலத்தில் பெரும் படையைக் களத்தில் நிறுத்தக்கூடிய ஏற்பாட்டைப் பேணியது. 1938இல் யார்ட்செவ் கேட்ட கேள்விக்கு அந்த நாடு கண்டுபிடித்த நேர்மையான பதில் அதுவாகத்தான் இருக்க முடியும். வல்லரசின் அயலில் வாழும் சிறிய நாடுகள் நடுநிலைமையைப் பிரகடனம் செய்யலாம். அதை மதிப்பதா இல்லையா என்பதை வல்லரசே தீர்மானிக்கிறது. ஆனால், அந்தத் தீர்மானத்தின் விளைவை இறுதியில் வல்லரசும் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதை, நீண்டுபோன அந்த எல்லைக்கோடு மொஸ்கோவுக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.